புயலின் கண்ணுக்குள் ஒரு மைதானம்

துணைவேந்தர், அவருக்கு அடுத்தவர், பதிவாளர் மூவரும் பட்ஜெட் கூட்டத்துக்காக ஒரே விமானத்தில் தலைநகர் சூவாவுக்குப் போயிருந்தார்கள். அப்படி ஒன்றாகப் போகக்கூடாது என்று பல்கலைக்கழகத்தின் அவசரகாலத் திட்டத்தில் எழுதியிருந்தது. எழுதியவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த வாரம் புயல் தொங்கா தீவுகள் பக்கம் ஒதுங்கிப் போயிருந்தது. போன புயல் நடுக்கடலில் நின்று, வந்த வழியே திரும்பும் என்று யார் கண்டார்கள்? திரும்பியது. விமானங்கள் நின்றன, கப்பலும் நின்றது.

காலையில் தலைமை நூலகர் ரூசியாதேயின் போன் அடித்தது.

"ரூசி, நாங்க மூணு பேரும் இங்க மாட்டிக்கிட்டோம்," என்றார் துணைவேந்தர். "திட்டப்படி இனிமே நீங்கதான்."

"நான்தான்னா?"

"நாங்க வர்ற வரைக்கும் எல்லாம் உங்க பொறுப்பு. நாலாவது பேரு உங்களுதுதானே?"

நாலாவது பெயர் அவருடையதுதான். யாரோடும் சண்டைக்குப் போகாதவர், பல்கலைக்கழகம் இருந்த லம்பாசாவை விட்டு எங்கும் நகராதவர் என்பதால் போட்டிருந்தார்கள். அதுவரை அவர் செலுத்திய அதிகாரமெல்லாம் நூலகத்தில் சத்தம் போடுகிறவர்களை வெளியே அனுப்பியதுதான். போனைக் கீழே வைத்தபோது, யாரோ தன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நிறுத்திவிட்டது போல இருந்தது அவருக்கு.

உள்ளூர்ப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் முந்தின நாளே வீடு போய்விட்டார்கள். படகு இல்லாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட தீவுப் பிள்ளைகள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பெரியவர்கள் என்று பார்த்தால் ரூசியாதே, காவல் பிரிவுத் தலைவர் செட்டரெக்கி, கட்டடப் பொறியியல் சொல்லித்தரும் ஷல்வின் மூன்று பேர்தான். ஷல்வினின் வீடு இருந்த சாலையில் பாலம் மூழ்கியிருந்தது.

செட்டரெக்கி ரூசியாதேயின் தாய்மாமன் மகன். இரண்டு பேரும் கேலி இல்லாமல் நேராகப் பேசிக்கொண்டதை யாரும் பார்த்ததில்லை.

"ராஜாவே, உத்தரவு போடுங்க," என்றார் செட்டரெக்கி, மழைக்கோட்டைப் பிழிந்துகொண்டே. "நூலகத்துல உக்காந்து தூங்குனவனுக்கெல்லாம் நாடு கிடைக்குது."

"வாய மூடு மச்சான். பிள்ளைங்கள எல்லாம் விளையாட்டு அரங்கத்துக்குக் கூட்டிட்டு வா. திட்டத்துல அப்படித்தான் இருக்கு."

அரங்கம் பெரியது, புதியது. சமையலறை, குளியலறை, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில்தான் இருந்தன. குறை ஒன்றே ஒன்று. அது அலையாத்திக் காட்டை ஒட்டிய தாழ்வான இடம். கடலைப் பார்த்த பக்கம் லாரி நுழையும் அளவுக்கு ஒரு இரும்பு ஷட்டர். பகல் உணவுக்குப் பிஸ்கட்டும் டின் மீனும் எலுமிச்சை இலைத் தேநீரும் கொடுத்து முடித்த நேரத்தில் காற்று தொடங்கியது.

முதலில் அது தெற்கே மலைப் பக்கமிருந்து வந்தது. பிள்ளைகள் பாய்களில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா அழுகிறாரா என்று தெரியாத அளவுக்குச் சத்தம் ஏறிவிட்டது. மின்சாரம் போனது. போனில் சிக்னல் போனது. கதவைத் திறக்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. காதுகள் அடைத்து வலித்தன. கூரைத் தகரம் ஒரு மூலையில் கிளம்பி, படபடவென்று அடித்து, மறுபடி உட்கார்ந்தது. ஷட்டரைக் காற்று வெளிப்பக்கமாக உறிஞ்சி இழுத்தது. அது வயிறு போலப் புடைத்து, அதன் ஒரு பக்கத்துச் சட்டம் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரக்பி ஆடும் பையன்கள் கயிறு கட்டி அதை உள்ளிருந்து இழுத்துப் பிடித்தார்கள். முன்னால் நின்று இழுத்தவன் பெனியோனி. விவசாயம் படிக்கும் மூன்றாம் வருடத்துப் பையன், எல்லோரையும் விட ஒரு தலை உயரம். கயிறு அவன் உள்ளங்கையைக் கிழித்து, சுற்றியிருந்த துண்டெல்லாம் சிவப்பாகியிருந்தது.

"விட்டுட்டு வேற ஆளு மாத்திக்கோ," என்று அவன் காதில் கத்தினார் ரூசியாதே.

"பரவால்ல சார். ரத்தம் கைக்குச் சூடா இருக்கு, நல்லாத்தான் இருக்கு," என்று அவனும் கத்தினான்.

பிறகு, யாரோ குழாயை மூடியது போலக் காற்று நின்றுவிட்டது.

அந்த அமைதிதான் ரூசியாதேயை அதிகம் பயமுறுத்தியது. கூரைத் தகரம் கிளம்பிய மூலை வழியாக மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டார்கள்.

"இன்னும் முடியல," என்றார் ஷல்வின். "புயலோட கண்ணுக்குள்ள இருக்கோம். யாரும் வெளிய போகாதீங்க."

செட்டரெக்கி பக்கக் கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை.

"மச்சான், கடலு வேலி வரைக்கும் வந்திருக்கு. இது வரைக்கும் காத்து மலையில இருந்து அடிச்சுது. இனிமே கடல்ல இருந்து அடிக்கும். அந்த ஷட்டரு நிக்காது. அது போச்சுன்னா காத்து உள்ள வந்து கூரையத் தூக்கிடும், பின்னாடியே தண்ணி வரும்."

"அதுக்கு?"

"மலையடிக் கூடம்."

மைதானத்துக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவைக் குடைந்து கட்டிய பழைய விரிவுரைக் கூடம் அது. சன்னல் இல்லாத கான்கிரீட். நூறு பேருக்கான இருக்கைகள், ஒரு கழிப்பறை. அதனால்தான் அதைத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

"புயலின் கண் கடக்கும்போது எக்காரணம் கொண்டும் யாரும் வெளியேறக் கூடாது," என்றார் ஷல்வின், மனப்பாடமாக. "திட்டத்துல இருக்கறதுதான். கண்ணு எவ்வளவு பெருசுன்னு நமக்குத் தெரியாது சார். பத்து நிமிஷம் இருக்கலாம், முக்கால் மணி நேரமும் இருக்கலாம். பிள்ளைங்க நடு மைதானத்துல இருக்கும்போது காத்து திரும்புச்சுன்னா? இங்க சுவராவது இருக்கு."

அவர் சொன்னதும் சரிதான். செட்டரெக்கி சொன்னதும் சரிதான். அந்த வரியைத் திட்டக் குழுக் கூட்டத்தில் உரக்க வாசித்தது ரூசியாதேதான். வாசிக்கும்போது அது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று அவருக்கு நினைவு வந்தது. போன் எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. கேட்பதற்கு மேலே ஒருவரும் இல்லை.

மாணவர் தலைவி மெரெசெய்னி எதிரே வந்து நின்றாள். "சார், எது செய்யணுமோ சீக்கிரம் சொல்லுங்க. நீங்க நின்னுட்டே இருந்தா எல்லாரும் பயந்துக்குவாங்க."

"போறோம்," என்றார் ரூசியாதே. தன் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "செருப்பு வேணாம், பை வேணாம். கைய கோத்துக்கிட்டு ஓடுங்க."

எல்லோரும் கேட்கவில்லை. ஷல்வினின் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் இருக்கும், சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்கள். "இது தப்பு சார். நான் இவங்கள வெளிய அனுப்ப மாட்டேன்," என்றார் ஷல்வின். அவர் பிள்ளைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். வாதாட நேரம் இல்லை. இழுத்துப் போகவும் ஆள் இல்லை.

"நீ அவங்களோட போ," என்றார் செட்டரெக்கி. "நான் இவங்களோட இருக்கேன்."

"டேய், உனக்கென்ன பைத்தியமா? அங்க போகலாம்னு சொன்னதே நீதான்."

"ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். ஏதாவது ஆச்சுன்னா உனக்குப் பெரிய சாவு மச்சான், ராஜால்ல, விருந்துக்கு மாடு வெட்டுவாங்க. எனக்கு டின் மீனுதான். போ."

மைதானம் சேறும் தண்ணீருமாக இருந்தது. மேலே வட்டமாக நீல வானம், அதைச் சுற்றி மேகம் கிணற்றுச் சுவர் போல எழும்பி நின்றது. கடல் பறவைகள் நூற்றுக்கணக்கில் புல்லில் உட்கார்ந்திருந்தன. ஆட்கள் ஓடி வந்தும் பறக்கவில்லை. பாதி வழியில் பெரிய கால்வாய். அதன் பாலத்தின் மேல் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

"பெனியோனி, நீ இங்க நில்லு," என்றார் ரூசியாதே. "ஏறுறவங்களுக்குக் கை குடு. கடைசி ஆளு தாண்டின பிறகு வா."

"சரி சார்," என்றான் அவன். கிழிந்த கையை இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணியில் துடைத்துவிட்டு, தண்டின் மேல் ஏறி நின்றான்.

கூடத்தின் கதவைக் கல்லால் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். ரூசியாதே வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே தள்ளினார். ஐம்பது, எண்பது என்று போனது எண்ணிக்கை. பிறகு அவர் எண்ணவில்லை. கடைசியாக ஏழெட்டுப் பேர் மரத்தைத் தாண்டும்போது வடக்கே ஒரு இரைச்சல் கேட்டது, ரயில் போல. பறவைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. பெனியோனி ஒரு பெண்ணை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் போட்டான், இன்னொருத்தியைத் தள்ளினான். பெண்கள் ஓடி வந்தார்கள். அவன் மரத்திலிருந்து குதித்துக் கூடத்தின் பக்கம் திரும்பியதை ரூசியாதே பார்த்தார். அதோடு மைதானம் வெள்ளையாகி மறைந்துவிட்டது.

கடைசிப் பெண் தவழ்ந்து வாசலுக்குள் விழுந்தாள். பெனியோனி வரவில்லை.

"கதவச் சாத்துங்க," என்றார் ரூசியாதே.

"சார், அவன் வெளிய இருக்கான்!" மெரெசெய்னி அவர் கையைப் பிடித்தாள்.

"சாத்துங்க!"

சாத்துவதற்கே எட்டுப் பேர் வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் விழுந்ததும் பெனியோனியோடு ஒரே அறையில் தங்கியிருந்த வத்தெமோ என்ற பையன் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். "தொறங்க சார். நான் போய்க் கூட்டிட்டு வரேன். கால்வாய்கிட்டதான் இருப்பான்."

"முடியாது."

"நீங்கதானே அங்க நிக்க வச்சீங்க!"

"ஆமா. நான்தான் வச்சேன். உன்னையும் அனுப்ப மாட்டேன்."

பையன் அடித்தான். அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதில். ரூசியாதே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார், யாரும் தாழ்ப்பாளைத் தொட முடியாதபடி. நாலைந்து பேர் வத்தெமோவை இழுத்துப் போனார்கள். அவன் அழுகை காற்றின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அல்லது ரூசியாதேக்கு அப்படித் தோன்றியது.

அதற்குப் பிறகு இருட்டு. நூறு பேர் உட்காரும் இடத்தில் நூற்றிமுப்பது பேர், ஒருவர் மடியில் ஒருவர். காற்றோட்டம் இல்லை. ஈரத் துணியும் வாந்தியும் மூத்திரமும் கலந்த வாடை. மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண் கத்தத் தொடங்க, அது தீப்போல வரிசைக்கு வரிசை பரவியது. மெரெசெய்னி நாற்காலிகளின் மேல் நடந்து போய் ஒவ்வொரு வரிசையாகப் பேசி அடக்கினாள். வாசலுக்கு மட்டும் அவள் வரவில்லை. யாருமே வரவில்லை. கதவு முதுகில் உயிருள்ள ஒன்று போல இடித்துக்கொண்டே இருந்தது. அது காற்றா, யாராவது தட்டுகிறார்களா? ஒவ்வொரு இடிக்கும் அவர் அதையே கேட்டுக்கொண்டார். ஒரு முறை மூன்று தட்டு, நிறுத்தி நிறுத்தி விழுந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தார். கூடத்துக்குள் இருந்த மூச்சுகளைக் கேட்டார். கையை எடுத்தார். தூரத்தில் இரும்பு கிழிபடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. அது அரங்கத்தின் கூரை என்று அவருக்குத் தெரியும். செட்டரெக்கியும் அந்த இருபது பேரும் அதற்கடியில்.

உள்ளேயும் வெளியேயும் இருந்தவர்கள் அவருடைய ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்களாகவே இருந்தார்கள். நடுவில், கதவோடு கதவாக, அவர் இருந்தார். அவருக்குப் போவதற்கு இடம் இல்லை.

காற்று தணிந்தபோது சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கதவைத் திறந்ததும் அவரைத் தாண்டி முதலில் ஓடியவன் வத்தெமோ. கால்வாய்க்கு இந்தப் பக்கம், கூடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு கூரைத் தகரத்தின் கீழே பெனியோனி கிடந்தான். அடிபட்ட உடனே போயிருப்பான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அப்படித்தான் சொல்வார்கள் என்று ரூசியாதே நினைத்தார். கதவைத் தட்டியது யார் என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை.

அரங்கத்துக்குக் கூரை இல்லை. ஷட்டர் உள்ளே விழுந்து, கடல் அதன் மேல் ஏறி வந்திருந்தது. குளியலறைப் பக்கம் ஒரு உத்தரம் விழுந்து கதவை அடைத்திருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு, ராஜாவா? சீக்கிரம் தொறடா மச்சான். நூலகத்துல நீ போட்ட அபராதத்தையெல்லாம் இவங்க என்கிட்ட திருப்பிக் கேக்கறாங்க."

உத்தரத்தை நகர்த்திக் கதவைத் திறந்தபோது இருபது பேரும் உயிரோடு இருந்தார்கள். ஷட்டர் போன உடனே எல்லோரையும் அந்தச் சின்ன குளியலறைக்குள் அடைத்து, பெஞ்சுகள் மேல் ஏற்றி, மார்பளவுத் தண்ணீரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள் செட்டரெக்கியும் ஷல்வினும். செட்டரெக்கியின் வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. ரூசியாதே அந்தக் கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதார்.

"எத்தன பேரு?" என்றார் செட்டரெக்கி, கேலியை விட்டு.

"ஒருத்தன். பெனியோனி."

ஷல்வின் பெஞ்சுகள் மேல் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிடத் திரும்பினார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால் ரூசியாதேக்கு எளிதாக இருந்திருக்கும்.

சாலை திறந்து துணைவேந்தர் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை குடிதண்ணீர், அரிசி, காய்ச்சல், கழிப்பறைக் குழி எல்லாவற்றுக்கும் ரூசியாதேயிடம்தான் வந்து நின்றார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பெனியோனியின் உடலைக் கடற்படைப் படகு அவன் ஊருக்கு எடுத்துப்போன அன்று உடன் போக முடியவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி வரும் நேரம் அது.

மழைக்காலம் முடிந்து விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஷல்வின் தன் முறை வந்தபோது, "நாங்க பொழைச்சது குளியலறையால. அதுல இருபது பேருக்கு மேல நிக்க முடியாது. எல்லாரும் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா கண்ணுக்குள்ள வெளிய போனது தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன்," என்றார். ரூசியாதேயைப் பார்த்துத்தான் சொன்னார், கோபமில்லாமல்.

குழுவின் தலைவி நல்ல மனுஷி. "நிலைமையைப் பொறுத்துப் பொறுப்பாளர் முடிவு செய்யலாம்னு அந்த வரிய மாத்திடலாமா?" என்று ரூசியாதேயிடம் கேட்டார். அவரைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

"மாத்தாதீங்க அம்மா," என்றார் ரூசியாதே. "அடுத்த தடவ கண்ணு சின்னதா இருக்கும். நான் போனேன்னு சொல்லி இன்னொருத்தரும் போவாங்க. வரி அப்படியே இருக்கட்டும். நான் அத மீறினேன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் செட்டரெக்கியின் அப்பாவான மாமனிடம் போய் ஒரு தம்புவா வாங்கினார். தலைமுறைகளாகக் கை பட்டுப் பழுப்பேறிய திமிங்கிலப் பல், பின்னிய கயிறு கோத்தது; மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் ஏந்திப் போவது. செட்டரெக்கியும் கூட வந்தார், கட்டுப் போட்ட கையோடு. படகில்தான் போக முடிகிற புவா கரையில் பெனியோனியின் ஊர். அங்கேயும் புயல் ஒரு வீட்டையும் விடவில்லை. அரசாங்கக் கூடாரம் ஒன்றில் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரம் கடைசியில் இருவரும் உட்கார்ந்தார்கள். செட்டரெக்கி குனிந்து, ஊரின் பெயரையும் குலத்தின் பெயரையும் சொல்லி, எதற்காக வந்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அவர் அப்படி நேராகப் பேசி ரூசியாதே கேட்டது அதுதான் முதல் தடவை.

ரூசியாதே தலை குனிந்து தம்புவாவை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். யாரும் அசையவில்லை. கைகள் மரத்துப்போயின. கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. அவர் முதுகு விறைத்தது.

பெனியோனியின் தகப்பன் சின்ன உருவம். மகன் உயரம் அவரிடமிருந்து வரவில்லை. "ஒண்ணு கேக்கணும்," என்றார். "அவன் பயந்து ஓடும்போது விழுந்தானா? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"இல்ல. நான் அவன மரத்துகிட்ட நிக்கச் சொன்னேன். கடைசி ஆளு தாண்டினப்புறம் வான்னு சொன்னேன். நின்னான். அவன் வர்றதுக்குள்ள காத்து வந்துடுச்சு. நான் கதவச் சாத்தினேன். அவன் கூட்டாளி தேடிப் போறேன்னான். விடல."

செட்டரெக்கி பக்கவாட்டில் அவரைப் பார்த்தார். கதவைப் பற்றி யாரும் இங்கே வந்து சொல்லியிருக்கவில்லை.

வெகு நேரத்துக்குப் பிறகு பாயில் முழங்கால் உரசும் சத்தம் கேட்டது. கையிலிருந்த கனம் போனது. தகப்பன் தம்புவாவைத் தன் நெஞ்சோடு வைத்திருந்தார். ஏற்றுக்கொண்டதற்குச் சொல்ல வேண்டிய சொற்களைச் சொல்லப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் அவருக்காகச் சொல்லி முடித்தார். சடங்கு முறைப்படி எல்லோரும் மெதுவாக மூன்று முறை கை தட்டினார்கள்.

"இன்னிக்குப் படகு இல்ல," என்றார் தகப்பன். "இங்கதான் தங்கணும். அவங்கம்மா சமையல் கொட்டகையில இருக்கா. ஆம்பளைங்க நடுவுல வர மாட்டேன்னுட்டா. நீங்க போய்ப் பேசுங்க."

தாய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உயரமானவள். தலை நிமிராமல், பக்கத்தில் இருந்த பலகையைத் தள்ளி வைத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். பிஸ்கட்டு, டின் மீனு. டீ."

"டீ அவன் குடிக்க மாட்டானே."

ரூசியாதே யோசித்தார். கோப்பைகள், வரிசை, சத்தம், கயிறு, அந்தக் கை. "எனக்குச் சரியாத் தெரியலம்மா," என்றார்.

"அவசரமில்ல," என்றாள் அவள். ஒரு கத்தியையும் நாலு கிழங்கையும் அவர் முன்னால் நகர்த்தினாள். "காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.